104 அடிக்குக் கீழே யாருடைய தண்ணீர்? தேக்கடி ஏரியின் உயிர்களும் பருவநிலை மாற்றமும்

"பெரியாறு அணை இன்னைக்கு எத்தனை அடி?" மழைக்காலம் வந்துவிட்டால் தேனி மாவட்டத்தில் டீக்கடை முதல் வாட்ஸ்அப் குரூப் வரை இதே கேள்விதான். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லும், மதுரை வரைக்குமான குடிநீரும் இந்த எண்ணை நம்பி இருக்கின்றன. ஆனால், அதே தண்ணீரை நம்பி மீன், நீர்நாய், பாம்புத்தாரா, யானை என இன்னொரு கூட்டமும் வாழ்கிறது. பருவநிலை மாற்றம் அவற்றை என்ன செய்யும்?

அணைக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-ல் பயன்பாட்டுக்கு வந்தது. அப்போது காடு மூழ்கி உருவானதுதான், சுமார் 26 சதுர கி.மீ. பரப்புள்ள தேக்கடி ஏரி. படகில் போனவர்கள் தண்ணீருக்கு நடுவே கருத்து நிற்கும் மரக்கட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அன்று மூழ்கிய மரங்களின் மிச்சம் அவை. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் இறகு உலர்த்துவதும் கூடு கட்டுவதும் அவற்றின் மேல்தான்.

நீர்மட்டம் குறைவது புதுசா?

இல்லை. கோடையில் ஏரி சுருங்குவது வழக்கம்தான். வெளியே தெரியும் கரையில் புல் முளைக்கும். அதைத் தேடி யானையும் காட்டுமாடும் இறங்கி வரும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு அவை பழகிவிட்டன. பழகாதது, கணக்குத் தப்பும் மழை.

2016-ல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62% குறைந்தது. 2018 ஆகஸ்ட் 15 அன்று, கேரளப் பெருவெள்ளத்தின் நடுவே, அணை 142 அடியை எட்டியது. 2023 ஆகஸ்ட், 1901-க்குப் பிறகு நாட்டின் மிக வறண்ட ஆகஸ்ட். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7% கூடுதல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதனால்தான் பெய்தால் கொட்டுகிறது. இல்லையென்றால் நீண்ட இடைவெளி விழுகிறது.

மீனுக்கு ஏன் மூச்சு முட்டும்?

தண்ணீர் சூடானால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். கடல் மட்ட அளவில், 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 மில்லிகிராம்தான்.

வெளியிலிருந்து வந்த ஜிலேபி கெண்டை இதைச் சமாளித்துவிடும். இந்த ஏரியில் அதுவும் சாதா கெண்டையும் ஏற்கெனவே பெருகிவிட்டன. பளியர், மன்னான் பழங்குடியினரின் வலையில் விழுவதும் பெரும்பாலும் இவைதான். ஆனால், பெரியாற்றின் மேல்பகுதி தவிர உலகில் வேறெங்கும் இல்லாத 'பெரியாறு டிரவுட்' மீனுக்குக் குளிர்ந்த, ஓடுகிற தண்ணீர் வேண்டும். கீழே ஏரியில் வெளியூர் மீன்களின் போட்டி. மேலே ஓடைகள் வற்றினால் ஒதுங்க இடமில்லை. இது அழியும் ஆபத்தில் உள்ள இனம்.

அதென்ன 104 அடி?

நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே போனால் சுரங்கப்பாதை வழியாகத் தமிழகத்துக்குத் தண்ணீர் எடுக்க முடியாது. பொறியாளர்கள் அந்த மிச்சத்தை 'டெட் ஸ்டோரேஜ்' என்பார்கள். நமக்குத்தான் அது 'டெட்'. வறட்சி ஆண்டில் மீனுக்கும், மீனைத் தின்னும் நீர்நாய்க்கும் உயிரே அந்தத் தண்ணீர்தான். அது ஆழம் குறைந்து சீக்கிரம் சூடானால் சிக்கல் கூடும்.

இது தேக்கடியோடு முடியும் கதையில்லை. உலகின் பெரிய ஏரிகள், நீர்த்தேக்கங்களில் பாதிக்கு மேல் 1992 முதல் 2020 வரை தண்ணீரை இழந்ததாக 2023-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு சொல்கிறது.

சரி, என்ன செய்யலாம்?

மழையை நாம் முடிவு செய்ய முடியாது. ஆனால், ஏரிக்குத் தண்ணீர் தரும் ஓடைகளையும் அவற்றின் நிழலான சோலைக்காட்டையும் காக்கலாம். வெளியூர் மீன்களை இனியும் விடாமல் இருக்கலாம். நீர்மட்டத்தை அளப்பதுபோல நீரின் வெப்பத்தையும் ஆக்சிஜனையும் தினமும் அளந்து வெளியிடலாம். கம்பம் வயலுக்கு வரும் தண்ணீரும் அதே காட்டிலிருந்துதான் வருகிறது. அங்கே ஓடை வற்றினால் முதலில் தவிப்பது மீன், அடுத்து நாம்.