விளக்கொளியில் செடி வளருமா?

1986-ஆம் ஆண்டில் எட்டாம் வகுப்பிற்கு ஒளிச்சேர்க்கைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். “ஐயா, வெயிலே படாமல் விளக்கு வெளிச்சத்தில் செடி வளருமா?” என்று ஒரு மாணவன் எழுந்து வினவினான். செய்து பார்த்து விடை காண்பதே முறை என்று ஆசிரியப் பயிற்சியில் எனக்குக் கற்பித்திருந்தனர். ஆகவே இரு சட்டிகளில் பச்சைப்பயறு விதைத்தோம். ஒன்று முற்றத்தில் இருந்தது; மற்றொன்று இருட்டறையில், விட்டத்தில் தொங்கிய 40 வாட் குண்டு விளக்கின் கீழ் இருந்தது. பத்து நாளில் முற்றத்துப் பயறு பசுமையாய் நிமிர்ந்து நின்றது. அறைப் பயறோ நூல்போல் நீண்டு, வெளிறி, சாய்ந்துவிட்டது. “விளக்கொளி செடிக்கு உதவாது” என்று கரும்பலகையில் எழுதினேன், மாணவரும் எழுதிக்கொண்டனர்.

நேயர்களே, அம்முடிவு பிழை. அந்த விளக்கு, அந்த உயரத்தில் போதவில்லை என்பதே சோதனை காட்டிய உண்மை.

என்னை ஏமாற்றியது என் கண்ணே. நண்பகல் வெயிலின் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். இரவில் விளக்கேற்றிய கூடத்திலோ சில நூறு லக்ஸ் இருந்தாலே மிகுதி. கண் ஒளிக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் நமக்கு அவ்வேறுபாடு தோன்றுவதில்லை. இலைக்கு அவ்வசதி ஏது? விழுகின்ற ஒளியின் அளவுக்கே அது மாவுப்பொருள் ஆக்க இயலும். அறைப் பயறு பத்து நாள் உயிர்வாழ்ந்ததும் விளக்கின் தயவால் அன்று, விதைப் பருப்பில் இருந்த சேமிப்பால்தான். குண்டு விளக்கோ தான் கொள்ளும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகவே கழித்துவிடும். தாழ இறக்கினால் தளிர் கருகும். உயர்த்தினால் ஒளி குன்றும். தொலைவு இரட்டித்தால் ஒளி நான்கில் ஒரு பங்காகும் அன்றோ?

விளக்கொளியில் செடி வளரும் என்பதை இங்கிலாந்தில் வில்லியம் சீமன்ஸ் 1880-லேயே மின்வில் விளக்குகளைக் கொண்டு காட்டியிருந்தார். எனக்குத்தான் அது தெரிந்திருக்கவில்லை. இன்று சூடு குறைந்த எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டன. அவற்றின் ஒளியில் விண்வெளி நிலையத்தில் வளர்ந்த கீரையை 2015-இல் விண்வெளி வீரர்கள் உண்டனர்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். செடிக்கு ஒளி உணவு மட்டுமன்று, கடிகாரமும் ஆகும். சாமந்தி நீண்ட இரவு கண்டால்தான் மொட்டு வைக்கும். நள்ளிரவில் சில மணி நேரம் விளக்கேற்றி அவ்விரவைத் துண்டித்தால் பூப்பதைத் தள்ளிப்போடலாம். மலர் வளர்ப்போர் கையாளும் முறையே இது. இதற்கு மங்கிய விளக்கே போதும். உணவாக உதவாத என் குண்டு விளக்கும் இவ்வேலைக்கு உதவியிருக்கும்!

ஓய்வு பெற்றபின் அதே சோதனையை வீட்டில் மீண்டும் செய்தேன். எல்.இ.டி. விளக்கைச் செடிக்கு ஒரு சாண் உயரத்தில் கட்டி, நாள்தோறும் பதினான்கு மணி நேரம் எரியவிட்டேன். பயறு கரும்பச்சை இலைகளுடன் நேராக வளர்ந்தது.

அன்று குறிப்பெடுத்த மாணவர்கள் இன்று ஐம்பது வயதைக் கடந்திருப்பர். அவர்களில் எவரேனும் இவ்வுரையைக் கேட்க நேர்ந்தால், அந்த ஒரு வரியை அடித்துவிடுமாறு வேண்டுகிறேன்.