வயதைக் கூட்டியவர் யார்?

மூதூர் றிசானா நபீக்கின் பிறப்புச் சான்றிதழ் 1988 என்றது. 2005 மே மாதம் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போன அவருடைய கடவுச்சீட்டு 1982 என்றது. பதினேழு வயதுப் பிள்ளையை விமானம் ஏற்றுவதற்காகக் கூட்டிய ஆறு வயது அது. அதே மாதம் அவர் பராமரித்த கைக்குழந்தை இறந்தது. பால் புரையேறியது என்றார் றிசானா. 2007 ஜூனில் சவூதியின் தவாத்மி நீதிமன்றம் அதைக் கொலையென்று மரண தண்டனை விதித்தது.

மேன்முறையீட்டுக்குக் குடும்பத்திடம் பணமில்லை. ஹொங்கொங்கிலுள்ள ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு நிதி திரட்டிச் சட்டத்தரணியை அமர்த்தியது. பிறப்புச் சான்றிதழ் இருந்தும் எடுபடவில்லை. 2013 ஜனவரி 9 அன்று தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஆவணங்களில் மோசடி செய்த முகவர்கள் இருவருக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் கொடுத்தது இரண்டு வருடச் சிறை. இந்தக் கணக்கை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

மதுரங்குளிக்கு அருகே கனமூலையிலும் சுற்றியுள்ள கரையோர ஊர்களிலும் வெளிநாட்டு உழைப்பு புதிதல்ல. "பேப்பர் வேலையை நாங்க பாத்துக்கொள்றோம்" என்று சப் ஏஜென்ட் சொல்லும்போது வீட்டாருக்கு அது உதவியாகத்தான் தெரியும். ஆவணம் பொய்யென்று பிடிபட்டால் கூண்டில் ஏறுவது அதை வைத்திருந்தவர்.

நமது தண்டனைச் சட்டக்கோவையின் 459ஆம் பிரிவு ஒன்றைத் தெளிவாகக் கேட்கிறது: ஆவணம் போலியென்று பயன்படுத்தியவருக்குத் தெரியுமா, அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்ததா? ஏமாற்றும் நோக்கமோ நேர்மையீனமோ இருந்ததா என்பதும் சேர்ந்தது. இப்படித் தண்டிக்கப்பட்டவரின் மேன்முறையீட்டுக்கு உயிர் இங்கேதான் இருக்கிறது.

இதே கேள்வி அமெரிக்காவிலும் எழுந்தது. 2008 மே மாதம் அங்கே போஸ்ட்வில் இறைச்சித் தொழிற்சாலையில் கைதான குடியேற்றத் தொழிலாளர்களில் சுமார் 270 பேர் போலி அடையாள ஆவணங்களுக்காகச் சிறைத் தண்டனை பெற்றனர். பெரும்பாலானோருக்கு ஐந்து மாதச் சிறை. இரண்டு வருடக் கட்டாயத் தண்டனை வருமென்ற பயத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். மறு ஆண்டு மே மாதம், ஓர் உருக்காலைத் தொழிலாளியின் மேன்முறையீட்டில், பயன்படுத்திய அடையாள இலக்கம் வேறொரு மனிதருடையது என்று தெரிந்திருந்தால்தான் அந்த இரண்டு வருடத் தண்டனை செல்லும் என உச்ச நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. போஸ்ட்வில் தொழிலாளர்களுக்கு அது பிந்திப்போன நீதி. இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2009இல், போலிக் கடவுச்சீட்டை வேலை பெறக் காட்டியதை, நாட்டுக்குள் நுழையக் காட்டியதைவிடக் குறைந்த குற்றமாகவே பார்த்தது.

இலங்கையில் நீதவான் தண்டித்தால் மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யப் பதினான்கு நாட்களே உண்டு. பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். முகவருக்குப் பணம் கொடுத்த பற்றுச்சீட்டு, அவர் அனுப்பிய குரல் பதிவுகள், மூலப் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை முதல் நாளிலேயே சட்டத்தரணியின் கையில் கொடுங்கள். விண்ணப்பப் படிவத்தை நிரப்பியது யாரென்று நீதிமன்றத்துக்குக் காட்ட இவைதான் உதவும்.