கொட்டிலுக்கு மின்சாரம்: குறைந்த செலவில், ஆபத்தின்றி

1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது யாழ் குடாநாட்டிற்குத் தேசிய மின்வலையின் மின்சாரம் இல்லாது போயிற்று. ஜாம் போத்தலில் திரியிட்டு விளக்கெரித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். யுத்தம் 2009 இல் முடிந்தபின் மின்வலை மீண்டும் எம்மை எட்டியது. இன்று பருத்தித்துறைப் பக்கம் திரும்பிவந்த பல குடும்பங்களின் வீட்டில் மின்சாரம் உண்டு. ஆனால் லான்ட்மாஸ்ரரும் நீரிறைக்கும் இயந்திரமும் நிற்கும் கொட்டில் இருட்டிலேயே கிடக்கிறது. அதற்காக மெல்லிய இரட்டை வயரொன்றை வேலி வழியே இழுத்துவிடுகிறோம். இருப்பதைக் கொண்டு சமாளிக்கும் பழக்கம் அன்று எம்மைக் காத்தது. 230 வோல்ற்று மின்சாரத்திலோ அது உயிருக்கே ஆபத்தாகும்.

முதலில் எதற்குச் செலவிடுவது?

பணம் குறைவானால் விளக்குகளைக் குறைக்கலாம். எர்த் வயரையும் ட்ரிப் சுவிச்சையும் விடக்கூடாது. எமது பகுதியில் மேல்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். எர்த் கம்பி ஆழமாக இறங்காது. கோடையில் மண்ணும் காய்ந்துவிடும். எர்த்தின் தடை 50 ஓம் என வைத்துக்கொள்வோம். மோட்டரின் உடலில் மின் கசிந்தால், 230 ஐ 50 ஆல் பிரிக்க, 4.6 அம்பியர் மட்டுமே நிலத்துக்குப் போகும். 13 அம்பியர் பியூஸ் இதற்கு எரியாது. மோட்டர் மின்னேறியபடியே நிற்கும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சோ உடனே விழுந்துவிடும்.

வீட்டுப் பெட்டியில் ஏற்கெனவே ட்ரிப் சுவிச் இருந்தால், அதைத் தாண்டிய இடத்திலிருந்து கொட்டிலுக்கு வயர் எடுத்தால் போதும், இன்னொன்று வாங்கவேண்டியதில்லை. எர்த் கம்பியைக் கிணற்றடி நீர் பாயும் வாழையடி மண்ணில் இறக்குவது நன்று.

தேவையானவை

ஒரு 9 வாற்று எல்.ஈ.டி. பல்ப், ஒரு 13 அம்பியர் சொக்கெற், வீட்டுப் பெட்டியில் கொட்டிலுக்கெனத் தனியாக ஒரு 16 அம்பியர் பிறேக்கர். வயர் 2.5 சதுர மில்லிமீற்றர் அளவில் மூன்று இழை: பிறவுண் உயிர்வயர், நீலம் நடுநிலை, பச்சை-மஞ்சள் எர்த். (பழைய வீடுகளில் இவை சிவப்பு, கறுப்பு, பச்சை.) இந்த வயரில் 15 மீற்றர் தூரத்துக்கு 2000 வாற்று எடுத்தாலும் இழப்பு ஏறத்தாழ இரண்டரை வோல்ற்றுத்தான். மெல்லிய வயரோ அதே பாரத்தில் சூடேறி உருகும்.

பொருத்தும் இடம்

பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, தரையோடு தங்கும். ஆகவே சொக்கெற்றையும் சுவிச்சையும் நான்கு அடிக்கு மேலே பொருத்த வேண்டும். கிடுகுக் கூரையிலும் ஓலை வேலியிலும் வயர் தொடக்கூடாது. தகரத்தின் விளிம்பு வயரின் உறையை வெட்டினால் கொட்டில் முழுவதும் மின்னேறும். தகரத்தினூடாகப் போகும் வயரைப் பிவிசி குழாயினுள் இடுங்கள். கடற்காற்றில் செப்புக் கம்பி விரைவில் பூக்கும். முறுக்கி ரேப் சுற்றிய மூட்டுகள் வேண்டாம். மூட்டுகளை மூடிய பெட்டிக்குள் திருகாணியால் இறுக்குவதே முறை.

இரவல் காணியில் இருப்போர்

சொந்தக் காணிக்கு இன்னும் திரும்பாதவர்கள் நிலத்தில் குழாய் புதைத்துப் பணத்தை இழக்க வேண்டாம். சுவிச்சையும் சொக்கெற்றையும் ஒரு பலகையில் பொருத்தி, குழாயைச் சுவரோடு கிளிப்பில் மாட்டுங்கள். புறப்படும்போது மின்னியலாளரைக் கொண்டு கழற்றி எடுத்துச் செல்லலாம். அயல்வீட்டிலிருந்து வேலிக்கு மேலாக மின் எடுப்பதைத் தவிருங்கள்.

எமது கைவேலை

குழாய் பொருத்துவதையும் கிடங்கு வெட்டுவதையும் நாமே செய்து கூலியை மிச்சப்படுத்தலாம். வயரைப் பெட்டியில் இணைப்பதையும் சோதிப்பதையும் தகுதிபெற்ற மின்னியலாளரிடம் விடுவோம். மாதம் ஒருமுறை ட்ரிப் சுவிச்சிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழவில்லையானால், அதை மாற்றும்வரை கொட்டிலின் பிறேக்கரை நிறுத்தியே வையுங்கள்.