களையும் நஞ்சும்

நுழையும்முன்

பயிரோடு போட்டியிட்டு நீரையும் உரத்தையும் ஒளியையும் பறித்துக்கொள்பவை களைகள். உழவைப் பாடிய வள்ளுவர் களையெடுத்தலையும் மறவாமல் குறித்துள்ளார். களைக்கொத்து செய்த பணியை இன்று வேதிப்பொருள்களும் செய்கின்றன. அவற்றை அறிந்து கையாளும் முறையை விளக்குகிறது இக்கட்டுரை.

செயல்படும் விதம்

களைக்கொல்லிகள் யாவும் ஒரே விதமாகச் செயல்படுவதில்லை. பெண்டிமெத்தலின் போன்றவை களை முளைக்கும் முன்னரே ஈரமண்ணில் தெளிக்கப்படுபவை. டூ ஃபோர் டி, தாவர வளர்ச்சி ஊக்கியைப் போல நடித்து அகன்ற இலைக் களைகளைக் கொல்லும். புல்வகைகளைப் பெரும்பாலும் விட்டுவிடும். கிளைபோசேட் இலைவழியே நுழைந்து வேர்வரை சென்று, கோரை, அருகு போன்றவற்றையும் அழிக்கும். பாராகுவாட், பட்ட பசும்பகுதியை வெயிலில் விரைவாகக் கருக்கிவிடும். ஆதலால், இன்ன களைக்கு இன்ன மருந்து என்று தெளிந்த பின்னரே வாங்குதல் வேண்டும்.

முகவரிச்சீட்டைப் படித்தல்

புட்டியின் மீதுள்ள சாய்சதுரக் குறியின் கீழ்ப்பாதி நஞ்சின் கடுமையை நிறத்தால் உணர்த்தும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சையும், மஞ்சள் கொடிய நஞ்சையும், நீலம் மிதமானதையும், பச்சை குறைந்ததையும் குறிக்கும். பச்சை என்பதற்குத் தீங்கற்றது என்பது பொருளன்று.

கிளைபோசேட்டைப் 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்னும் வகையில் 2015இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை சேர்த்தது. வேறு சில ஒழுங்குமுறை அமைப்புகள் அக்கருத்தை ஏற்கவில்லை. எனினும், பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர் வழியாக மட்டுமே அதனைப் பயன்படுத்த வேண்டும் என 2022 அக்டோபரில் நடுவண் அரசு அறிவிக்கை வெளியிட்டது.

தெளிக்கும்பொழுது

முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம், கண்ணாடி, காலணி ஆகியன இன்றியமையாதவை. காற்று ஓய்ந்திருக்கும் காலையிலோ மாலையிலோ தெளித்தல் நன்று. காற்றுக்கு எதிரே நின்று தெளித்தலும், அடைத்த தெளிப்பு முனையை வாயால் ஊதுதலும் கூடா. டூ ஃபோர் டி துளிகள் காற்றில் சென்று பக்கத்து வயலின் பருத்தியையும் தக்காளியையும் சுருட்டிவிடும். அதே தெளிப்பானைச் சரிவரக் கழுவாமல் வேறு மருந்துக்குப் பயன்படுத்தினாலும் இவ்விழப்பு நேரும். எனவே, களைக்கொல்லிக்கெனத் தனித் தெளிப்பான் வைத்திருத்தல் சிறந்தது. அதனைக் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவுதல், ஊரார் குடிக்கும் நீரில் நஞ்சைக் கலப்பதற்கு ஒப்பாகும்.

ஒரு புட்டியின் பிழை

மீதமான மருந்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கும் வழக்கம் பெருந்தீங்கு விளைவிப்பது. தாகத்தோடு வரும் சிறுவனுக்கு அது குடிநீராகவே தோன்றும். பாராகுவாட் நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. சிறிதளவு உள்ளே சென்றாலும் நுரையீரலைச் சிதைத்து உயிரைப் பறிக்கும். இக்கொடுமையை உணர்ந்தே பல நாடுகள் அதனைத் தடைசெய்துள்ளன. மருந்து அதற்குரிய புட்டியிலேயே, பூட்டிய அறையில் இருத்தல் வேண்டும். வெற்றுப் புட்டியை மும்முறை அலசி, அந்நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிய பின், புட்டியைத் துளையிட்டு விடுதல் நலம்.

உடலில் மருந்து பட்டால் உடையைக் களைந்து சோப்பு நீரால் நன்கு கழுவுக. கண்ணில் பட்டால் தூயநீரால் பதினைந்து நிமிடம் அலசுக. விழுங்கினால் தாமாக வாந்தி எடுக்கச் செய்யாது, முகவரிச்சீட்டுடன் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க.

வீட்டுத் தோட்டத்திற்கு

சிறு தோட்டத்திற்கு நஞ்சு பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. மழை பெய்த மறுநாள் ஈரமண்ணில் களை எளிதில் வேரோடு வரும். வைக்கோலாலும் சருகாலும் மூடாக்கு இட்டால் புதுக்களை முளைப்பது குறையும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்னரே, கையுறை அணிந்து பிடுங்குதல் வேண்டும். கையால் முடியாத இடத்திற்கே மருந்து. அங்கும் அளவோடும் அறிவோடும் பயன்படுத்துவதே முறை.

கற்பவை கற்றபின்

உங்கள் பகுதியில் விற்கப்படும் களைக்கொல்லி ஒன்றின் முகவரிச்சீட்டில் உள்ள எச்சரிக்கைகளைத் தொகுத்து, அதனைப் படிக்க இயலாத உழவர் ஒருவருக்கு எடுத்துரைக்க.