ஐந்து தந்தி, மூன்று சுரம்

'இளைய நிலா' பாட்டில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரல் எழுவதற்கு முன்பே ஒரு கிட்டார் வந்து கேட்பவரைத் தன் வசமாக்கிவிடும். 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்துக்காக இளையராஜா அமைத்த அந்த முகப்பிசையை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். அவர் கார்டுகளை ஒரே வீச்சில் அடிக்கவில்லை. ஒவ்வொரு கார்டுக்குள்ளும் இருக்கும் சுரங்களைப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக உதிர்க்கிறார். இப்படிப் பிரித்து வாசிப்பதற்கு ஆர்பெஜியோ என்று பெயர். கிட்டாரைக் கையில் எடுத்த தமிழ் இளைஞர்களில் அந்த முகப்பிசையை ஒரு முறையாவது வாசித்துப் பார்க்காதவர்கள் குறைவு.

மலேசியாவின் பேராக் மாநிலத்திலும் அப்படித்தான். சுங்கை சிப்புட், பத்து காஜா பக்கத்து ரப்பர் தோட்டங்களில் கிட்டார் பரவியதற்கு ஒரு காரணம், அதற்கு மின்சாரம் தேவையில்லை. அப்போது பல தோட்டங்களில் ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம்தான் ஓடும். வெளிச்சம் போன பிறகும் தொழிலாளர் லயன் வீட்டு வாசலில் உட்கார்ந்து வாசிக்க முடிந்த வாத்தியம் அது. வாத்தியாரோ புத்தகமோ கிடையாது. காசெட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றிக் கேட்பதும், "அண்ணே, இத எப்படிப் பிடிக்கிறது?" என்று மூத்தவரின் விரல்களைப் பார்ப்பதுமே பாடம். பிறகு பால்மரங்கள் இருந்த இடத்தில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. குடும்பங்கள் ஈப்போவுக்கும் அதன் புறநகரான புந்தோங்குக்கும் மற்ற பட்டணங்களுக்கும் பெயர்ந்தன. காதால் கற்ற அந்தப் பழக்கமும் கூடவே வந்து, கல்யாண மண்டபத்திலும் கோயில் திருவிழா மேடையிலும் எலெக்ட்ரிக் கிட்டாரோடும் பேஸ் கிட்டாரோடும் சேர்ந்துகொண்டது.

அந்தப் பழக்கம் தந்தது மிகப் பெரிய சொத்து. நோட்டுப் புத்தகம் இல்லாமல் நூற்றுக்கணக்கான பாட்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளும் காது எளிதில் வாய்க்காது. ஆனால் அதில் ஒரு குறையும் உண்டு. விரல்கள் எந்த வடிவத்தில் நிற்க வேண்டும் என்று தெரியும். அந்த வடிவத்துக்குள் எந்தச் சுரம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆர்பெஜியோ பயிற்சி நிரப்புவது இந்த இடத்தைத்தான்.

கிட்டாரில் எல்லோரும் முதலில் கற்கும் சி மேஜர் கார்டை எடுத்துக்கொள்வோம். அதில் ஐந்து தந்திகள் ஒலிக்கின்றன. ஆனால் சுரங்கள் மூன்றுதான்: சி, ஈ, ஜி. சி-யை ஷட்ஜமமாக வைத்தால் ச, க, ப. மற்ற இரண்டு தந்திகளும் ச-வையும் க-வையும் மேல் ஸ்தாயியில் மறுபடி சொல்கின்றன. இதில் வரும் காந்தாரம் அந்தர காந்தாரம். அதை ஒரு ஃபிரெட் இறக்கிச் சாதாரண காந்தாரம் ஆக்கினால் மேஜர் கார்டு மைனராகிவிடும். ஒரே ஒரு சுரம் அரைப்படி இறங்கியதும் பாட்டின் முகமே மாறிவிடுகிறது. 1980-ல் வந்த 'மூடுபனி' படத்தின் 'என் இனிய பொன் நிலாவே' பாட்டில் கிட்டார் தரும் ஏக்கத்தின் பெரும்பகுதி இந்த மைனர் காந்தாரத்தில்தான் இருக்கிறது.

கோயிலில் வாய்ப்பாட்டு வகுப்புக்குப் போன பிள்ளைக்கு இது புதிய பாடம் அல்ல. சுரங்களை வரிசையாகப் பாடிய பிறகு தாட்டு வரிசை வரும். அதில் சுரங்களைத் தாண்டித் தாண்டிப் பாட வேண்டும். ஆர்பெஜியோ கேட்பதும் அதே தாண்டலைத்தான்.

இன்னும் நெருக்கமான சான்று ஒன்று இருக்கிறது. பாலமுரளிகிருஷ்ணா உருவாக்கிய மகதி ராகத்தில் நான்கே சுரங்கள்: ச, அந்தர காந்தாரம், ப, கைசிகி நிஷாதம். கிட்டார்காரர்களின் மொழியில் சொன்னால் சி, ஈ, ஜி, பி ஃபிளாட். இது சி செவன்த் கார்டேதான், பிரித்து வைத்த வடிவில். எம்.எஸ். விஸ்வநாதன் 1975-ல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் 'அதிசய ராகம்' பாட்டை இந்த ராகத்தில்தான் தொடங்கினார். ஜேசுதாஸ் பாடிய அந்தத் தொடக்கத்தை முணுமுணுக்கத் தெரிந்தவர் ஒரு செவன்த் ஆர்பெஜியோவை ஏற்கெனவே பாடிக்கொண்டிருக்கிறார்.

மேற்கில் இந்தப் பயிற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. இத்தாலியரான மௌரோ ஜூலியானி 1812-ல் வெளியிட்ட ஒரு நூலில், வலது கைக்கு 120 பயிற்சிகள் எழுதினார். அத்தனையும் இரண்டே கார்டுகளில் அமைந்தவை: சி மேஜர், ஜி செவன்த். இடது கைக்கு வேலையைக் குறைத்து, வலது கை விரல்கள் எந்த வரிசையில் மீட்ட வேண்டும் என்பதிலேயே கவனத்தை நிறுத்துவது அவர் வழி. முதல் கார்டு ச க ப. இரண்டாவது, பஞ்சமத்தை ஷட்ஜமமாக வைத்துப் பார்த்தால் மகதியின் அதே நான்கு சுரங்கள். இருநூறு ஆண்டுகளாக உலகெங்கும் கிட்டார் மாணவர்கள் பெயர் தெரியாமலேயே மகதியைச் சாதகம் செய்து வந்திருக்கிறார்கள் என்று சொன்னால் அது மிகையில்லை. இளையராஜாவும் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கேட்டு, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வை எழுதியவர். அவருடைய பாட்டுகளில் கார்டுகள் இவ்வளவு அழகாகப் பிரிந்து ஓடுவது தற்செயல் அல்ல.

ஜூலியானியின் முறையில் கட்டைவிரல் கீழ்ஸ்தாயித் தந்திகளைப் பார்த்துக்கொள்ளும். மூன்றாம் தந்திக்கு ஆள்காட்டி விரல், இரண்டாம் தந்திக்கு நடுவிரல், முதல் தந்திக்கு மோதிர விரல். கட்டைவிரலில் தொடங்கி மோதிர விரல் வரை ஏறி, நடுவிரல், ஆள்காட்டி வழியாக இறங்கினால் ஆறு தட்டு வரும். இந்த ஒன்றைச் சீராக வாசிக்கப் பழகினாலே திரைப்பாட்டுகள் பலவற்றுக்குத் துணை வாசித்துவிடலாம்.

பேஸ் கிட்டாருக்கு வருவோம். மேடைக் குழுக்களில் கிட்டார் சரியாக வராதவரை பேஸ் பக்கம் தள்ளிவிடும் வழக்கம் உண்டு. இதைவிடப் பெரிய தவறு ஒரு குழுவில் நடக்க முடியாது. பேஸ்காரருக்குக் கார்டை மொத்தமாக அடித்துத் தப்பிக்க வழியில்லை. ஒவ்வொரு சுரமாகத்தான் அவர் பேச வேண்டும். அவர் வாசிப்பின் அடித்தளமே ஆர்பெஜியோதான். இளையராஜாவின் பாட்டுகளில் சசிதரன் வாசித்த பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டால் இது விளங்கும்: மேலே பாட்டு போகும்போது, கீழே இன்னொரு மெட்டு கார்டின் சுரங்களை மிதித்து நடக்கும்.

பேஸின் அடித்தந்தி நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. கிட்டாரின் அடித்தந்தி 82 முறை. பேஸின் இவ்வளவு தாழ்ந்த ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் கலங்கிப்போகும். அதனால் கிட்டாரில் சுரங்களை ஒலிக்கவிட்டு மேலே மேலே சேர்ப்பது அழகு. பேஸில் அடுத்த சுரத்தைத் தொடும்போதே முந்தையதை விரலால் அடக்கிவிடுவதுதான் திறமை.

இந்த வேலைப்பிரிவு பேராக் மண்ணுக்குப் புதிதில்லை. மலேசிய நாட்டுப்பண்ணின் மெட்டு, நாட்டுப்பண் ஆவதற்கு முன் பேராக்கின் மாநிலப்பண்ணாக இருந்தது. அதே மெட்டு 'தெராங் பூலான்' என்ற காதல் பாட்டாகக் குரோஞ்சோங் என்னும் தந்தி இசைக் குழுக்களிலும் உலவியது. குரோஞ்சோங்கில் செல்லோவை வில்லால் இழுக்காமல் விரலால் மீட்டுவார்கள்; அதற்கு மேலே கிட்டார் சுரங்களைப் பிரித்து இடைவிடாமல் ஓடவிடும்.

இரண்டு வேலையையும் ஒரே கிட்டாரில் செய்து காட்டிய ஈப்போக்காரர் பால் பொன்னுதுரை. 2012-ல் மறைந்த அவர் சிங்கப்பூரில் நெடுங்காலம் வாசித்தவர். பின்னணிக் குழு இல்லாமல், குரலும் ஒரு கிட்டாரும் மட்டுமாக மேடையேறுவார். பேஸ் நடை, கார்டு, மெட்டு எல்லாம் அந்த ஒற்றை வாத்தியத்திலிருந்தே வரும். கார்டை வடிவமாக மட்டும் அறிந்தவரால் அப்படி வாசிக்க முடியாது. அதற்குள் இருக்கும் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக அறிந்த விரல்களுக்கே அது கைகூடும்.

தொடங்க விரும்புகிறவருக்குப் பேஸ் கிட்டாரின் நான்கு ஃபிரெட்டுகள் போதும். ஆள்காட்டி விரலை 2-ஆம் ஃபிரெட்டிலும் சுண்டுவிரலை 5-ஆம் ஃபிரெட்டிலும் நிறுத்த வேண்டும். ஏ தந்தியில் 3, டி தந்தியில் 2, 5, ஜி தந்தியில் 5: இது சி மேஜர். கடைசிச் சுரத்துக்கு முன் ஜி தந்தியின் 3-ஐச் சேர்த்தால் மகதி. கையை நகர்த்தாமலேயே ஏ தந்தியில் 3, டி தந்தியில் 3, ஜி தந்தியில் 2 என்று தொட்டால் எஃப் மேஜர் கார்டின் சுரங்கள். ஈ தந்தியில் 3, ஏ தந்தியில் 2, 5, டி தந்தியில் 3 என்று ஏறினால் ஜி செவன்த்.

மூன்று கார்டுகளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எப்போதும் அருகிலுள்ள சுரத்துக்கே போகப் பழக வேண்டும். அடிச்சுரத்துக்குத் தாவி ஓடுவது ஆரம்பக்காரரின் பழக்கம். அது மேடையில் உடனே தெரிந்துவிடும். மெட்ரோனோமை 60-ல் வைத்து, கார்டுக்கு நான்கு தட்டு வீதம், சுரத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாசிப்பது நல்லது. வேகம் பிறகு வரும். இந்த வடிவங்களில் எங்கும் திறந்த தந்தி இல்லை. ஆகவே பாடகர் ஒரு கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு ஏற்றச் சொன்னால், மொத்தக் கையையும் ஒரு ஃபிரெட் மேலே நகர்த்தி அதையே வாசிக்கலாம்.