கியர் ராடும் நெம்புகோலும்

பாக்கு வெட்டும்போது பாட்டி பாக்கை எங்கே வைக்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? பாக்குவெட்டியின் இரு பிடிகளும் சேரும் ஆணிக்கு மிக அருகில் வைக்கிறார். கையோ பிடியின் கோடியில் இருக்கிறது. பாக்கை ஆணியிலிருந்து தள்ளி நுனிப்பக்கம் வைத்துப் பாருங்கள். பாக்கு வெட்டுப்படாது, கைதான் வலிக்கும். நெம்புகோல் விதியைப் பாட்டிக்கு யாரும் கற்பிக்கவில்லை. ஆனால் அவர் கை அதை அறியும்.

அதே விதியை ஒரு பழைய காரில் பொருத்திப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இடம், புதுச்சேரி நகரின் வடக்கே கருவடிக்குப்பம். பாரதியார் உலவிய குயில்தோப்பு என்று பலரும் அறிந்த ஊர். அங்கே நண்பர் ஒருவரின் மோட்டார் பட்டறையில் ஒரு பிரீமியர் பத்மினி நின்றது. வண்டிக்கு உரியவர் எழுபது வயதைக் கடந்த பெரியவர். இடது தோள்பட்டை இறுகிப் போய், கையை மார்பளவுக்கு மேல் தூக்க முடியாத நிலை. பத்மினியின் கியர் ராடு ஸ்டியரிங் தண்டின் இடப்புறம், உயரத்தில் இருப்பது. “வண்டியை விற்றுவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை” என்றார் பெரியவர். ராடைத் தரைக்கு இறக்கிவிட்டால் அவரால் ஓட்ட முடியுமா என்பதே கேள்வி.

ராடு ஏன் மேலே இருந்தது?

பம்பாயில் ஃபியட் 1100 என்ற பெயரில் உருவாகி வந்த கார், 1974 முதல் பத்மினி என்று பெயர் பெற்றது. மும்பையில் டாக்சியாக ஓடிய கடைசி பத்மினி 2023 அக்டோபரில் விடைபெற்றது. அந்நாளைய அம்பாசிடரைப் போலவே இதிலும் முன்னிருக்கை ஒரே நீள பெஞ்சு. மூவர் அமரும் பெஞ்சின் நடுவே தரையில் ஒரு ராடு நின்றால் நடுவில் இருப்பவர் காலை எங்கே வைப்பார்? ஆகவே ராடு ஸ்டியரிங் தண்டுக்கு ஏறியது. அங்கிருந்து நீண்ட கம்பிகளும் மூட்டுகளும் கையின் அசைவைக் கியர் பெட்டிக்குக் கொண்டு சென்றன.

கை செய்யும் வேலை இரண்டு. முதலில், எந்த வரிசைப் பல்சக்கரங்கள் என்று தேர்ந்தெடுப்பது. அடுத்து, தேர்ந்ததைத் தண்டோடு பிணைப்பது. ராடு எங்கே இருந்தாலும் இவ்விரண்டு அசைவுகளும் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

தந்தையும் மகனும்

பெரியவரின் மகனுக்கு வேறோர் ஆசை. பந்தயக் கார்களில் உள்ளதுபோல் கட்டைவிரல் நீளத்துக்குச் சட்டென்று விழும் குட்டை ராடு வேண்டும் என்றார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு என்ன சொல்கிறது?

கல்லூரிச் சோதனைச்சாலையிலிருந்து ஒரு சுருள்வில் தராசை எடுத்துச் சென்றேன். கியர் பெட்டியின் பக்கத்திலுள்ள கையில் கொக்கியை மாட்டி இழுத்தோம். கியர் விழ அந்தக் கை 10 மில்லிமீட்டர் நகர வேண்டும். கடினமான கட்டத்தில் தராசு 20 கிலோ காட்டியது. ஏறக்குறைய 200 நியூட்டன் விசை. பிறகு பெரியவரை இருக்கையில் அமர்த்தி, இடது கையால் வலியின்றி எவ்வளவு இழுக்க முடிகிறது என்று பார்த்தோம். 4 கிலோ.

இனி நெம்புகோலுக்கு வருவோம். தரை ராடின் நடுவில் ஓர் ஆதாரப் புள்ளி இருக்கிறது. அதன் கீழ்ப்பகுதி கம்பியைத் தள்ளுகிறது, மேல்நுனியைக் கை பிடிக்கிறது. கீழ்ப்பகுதி 40 மி.மீ., மேற்பகுதி 160 மி.மீ. என்றால் விகிதம் 4. கை 40 மி.மீ. நகர்ந்தால் போதும், ஆனால் 50 நியூட்டன், அதாவது 5 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். மேற்பகுதியை 280 மி.மீ. ஆக்கினால் விகிதம் 7. விசை 3 கிலோவுக்கும் குறையும். ஆனால் கை 70 மி.மீ. பயணம் செய்ய வேண்டும்.

விசையையும் தொலைவையும் பெருக்கிப் பாருங்கள். இரண்டிலும் 2 ஜூல்தான். எந்த ராடும் வேலையைக் குறைத்துத் தராது. விசையில் மிச்சம் பிடித்தால் தொலைவில் கொடுக்க வேண்டும். தொலைவில் மிச்சம் பிடித்தால் விசையில் கொடுக்க வேண்டும். மகன் கேட்ட குட்டை ராடு, தந்தையின் கைக்கு எட்டாத ராடு!

விகிதம் 6 என்று முடிவு செய்தோம். கை நகர்வது 60 மி.மீ.; விசை சுமார் 3.4 கிலோ. ராடின் தலை, முழங்கை மடங்கிய நிலையில் உள்ளங்கை தானே வந்து அமரும் உயரத்தில் நின்றது.

விசை மட்டுமன்று, காலமும் வேண்டும்

கியர் மாற்றுவது இரண்டு சக்கரங்களை ஒட்டவைப்பது போன்றதன்று. அவை வெவ்வேறு வேகத்தில் சுழன்று கொண்டிருப்பவை. முன்பெல்லாம் ஓட்டுநர் கிளட்சை இருமுறை மிதித்து, என்ஜின் வேகத்தைத் தாமே சரிசெய்து கியரைப் போட வேண்டியிருந்தது. 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் சிங்க்ரோமெஷ் என்னும் அமைப்பு வந்தது. பற்கள் சேருமுன் ஒரு கூம்பு வடிவ வளையம் உராய்ந்து இரு வேகங்களையும் சமமாக்குகிறது. உராய்வு வேலை செய்யக் கொஞ்ச நேரம் பிடிக்கும். குட்டை ராடை வெடுக்கென்று தள்ளுகிறவர் அந்த வளையத்தைத்தான் தேய்க்கிறார்.

நாங்கள் செய்த பிழை

புது ராட்டைத் தாங்கும் இரும்புத் தாங்கியைக் காரின் தரைத் தகட்டில் போல்ட்டு போட்டு முடுக்கினோம். பட்டறை வாசலில் எல்லாக் கியரும் வெண்ணெயாய் விழுந்தன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எடுத்துச் சென்று மூன்றாம் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தியபோது, கியர் தானாகத் துள்ளி வெளியே வந்துவிட்டது. பின்னால் பேருந்து வந்துகொண்டிருந்தது. நல்லவேளை, ஓரம் கட்ட இடம் இருந்தது.

காரணம் என்ன? நியூட்டனின் மூன்றாம் விதி. என்ஜின் சக்கரங்களைச் சுழற்ற முனையும்போது, எதிர்விளைவு என்ஜினையே மறுபக்கம் சாய்க்க முனைகிறது. என்ஜினும் கியர் பெட்டியும் ரப்பர் மவுண்டிங்கின் மேல் அமர்ந்தவை. ஆகவே இரண்டும் சில மில்லிமீட்டர் அசைகின்றன. நம் ராடின் ஆதாரமோ காரின் உடலோடு நிலையாக நிற்கிறது. பெட்டி நகர, ராடு நகரவில்லை. இடையிலுள்ள கம்பி கியரை வெளியே இழுத்துவிட்டது. 10 மி.மீ. பயணத்தில் 3 மி.மீ. களவு போனால் என்ன மிஞ்சும்? பழைய அமைப்பின் நீண்ட கம்பிகளும் புஷ் வைத்த மூட்டுகளும் இந்த அசைவை ஓரளவு தாங்கிக்கொண்டன. எங்கள் குட்டைக் கம்பி அதை அப்படியே கடத்தியது.

“ஓய்வு” என்றால் எதைப் பொறுத்து ஓய்வு என்று வகுப்பில் ஆண்டுதோறும் கேட்கிறவன் நான். பட்டறையில் அந்தக் கேள்வியை மறந்துவிட்டேன்! தாங்கியைக் கழற்றிக் கியர் பெட்டியின் மேலேயே பொருத்தினோம். இப்போது பெட்டி அசைந்தால் ராடும் சேர்ந்து அசையும். இரண்டுக்கும் இடையே அசைவு இல்லை. அதன்பின் கியர் துள்ளவில்லை. ராடு வெளிவரும் துளையைச் சற்று அகலமாக வெட்டி, மேலே ரப்பர் உறை போட்டோம்.

மூட்டுகளின் “பிளே”யும் முக்கியம். கீழே 1 மி.மீ. தளர்ச்சி இருந்தால், விகிதம் 6 ஆகையால், கையில் அது 6 மி.மீ. ஆட்டமாகத் தெரியும். எனவே பித்தளை புஷ்களை லேத்தில் அளவாகக் கடைந்து போட்டோம். கடற்காற்று அடிக்கும் ஊர். இரும்புப் பகுதிகளுக்குத் துத்தநாகப் பூச்சும் கிரீசும் இன்றியமையாதவை. முன்னே போகும் வேகத்தில் கை தவறி ரிவர்ஸ் விழாதபடி, ராடை அழுத்தினால்தான் அந்தப் பக்கம் போகும் வகையில் ஒரு வில்லும் வைத்தோம்.

ஒன்றை மறவாதீர்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை செய்கிறது. எந்த மாற்றமானாலும் முதலில் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நலம்.

நீங்களே செய்து பாருங்கள்

ஓர் அடிக்கோலை எடுத்து, 5 சென்டிமீட்டர் குறியில் பென்சிலை ஆதாரமாக வையுங்கள். குட்டை முனையில் ஒரு புத்தகத்தை ஏற்றி, நீண்ட முனையை ஒரு விரலால் அழுத்துங்கள். பிறகு பென்சிலை 10, 15 என்று நகர்த்திக்கொண்டே போங்கள். விரல் அழுத்தம் கூடுவதையும், விரல் இறங்கும் தொலைவு குறைவதையும் குறித்துக்கொள்ளுங்கள். தந்தைக்கும் மகனுக்கும் நடந்த வழக்கு உங்கள் மேசையிலேயே தீர்ந்துவிடும்.

பெரியவர் இப்போது காலையில் தாமே வண்டியை எடுக்கிறார். மகன் பக்கத்தில் அமர்ந்து வருகிறார். ராடு கொஞ்சம் நீளம்தான் என்று அவருக்கு இன்னும் குறை. “உனக்கும் எழுபது வயது வரும், தம்பி” என்கிறார் தந்தை.