டிரைலரோடு டிராக்டரைப் பின்னால் எடுக்கிறீர்களா? இதைக் கவனியுங்கள்!

அறுவடை நேரத்தில் களத்துமேட்டிலும், வீட்டு வாசலிலும், வரப்பு ஓரத்திலும் டிராக்டரைப் பின்னால் எடுக்காத நாளே இருக்காது. ஆனால் பின்னால் டிரைலர் நிற்கும்போது, அதன் அடியில் உட்கார்ந்து விளையாடும் குழந்தை ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியாது. இன்ஜின் சத்தத்தில் கூப்பிட்டாலும் கேட்காது. அதனால் கீழ்க்கண்டவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஏறும் முன்

வண்டியை ஒருமுறை முழுவதும் சுற்றி வாருங்கள். டிரைலருக்கு அடியிலும் குனிந்து பாருங்கள். குழந்தைகளை ஒரு பெரியவரின் கையில் ஒப்படைத்துவிட்டு ஏறுங்கள். மட்கார்டு மேலும், டிரைலரை இணைக்கும் கொக்கி மேலும் யாரையும் உட்காரவோ நிற்கவோ விடக் கூடாது.

பிரேக்கைப் பாருங்கள்

உழவின்போது திருப்புவதற்காக இடது, வலது பிரேக் பெடல்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பீர்கள். டிரைலரை மாட்டியதும் அந்த இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிட வேண்டும். ஒரு பெடல் மட்டும் அழுந்தினால் டிராக்டர் அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

ஸ்டீயரிங் திருப்பும் முறை

இரண்டு சக்கர டிரைலரின் பின்பகுதி இடப்பக்கம் போக வேண்டுமானால், ஸ்டீயரிங்கை முதலில் வலப்பக்கம் திருப்ப வேண்டும். குழப்பமாக இருந்தால் எளிய வழி உண்டு. ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் கையை வையுங்கள். கை எந்தப் பக்கம் நகர்கிறதோ, டிரைலரின் பின்பகுதியும் அந்தப் பக்கமே போகும். டிரைலர் திரும்பத் தொடங்கியதும் ஸ்டீயரிங்கை மெல்ல எதிர்ப்பக்கம் கொண்டுவந்து, டிராக்டரை அதன் பின்னாலேயே விடுங்கள்.

டிரைலர் அதிகமாக மடங்கினால் டிராக்டரின் பின்சக்கரத்தில் மோதிவிடும். அப்போது மேலும் பின்னால் எடுக்காதீர்கள். முன்னால் நகர்த்தி நேராக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். குறைந்த ரிவர்ஸ் கியரில், ஆக்சிலேட்டரைக் குறைத்து, நடக்கும் வேகத்தில் எடுத்தாலே போதும்.

கைகாட்டுபவர் எங்கே நிற்க வேண்டும்?

ஒரே ஒருவர் மட்டும் கைகாட்டட்டும். டிரைலருக்கும் சுவருக்கும் நடுவில் அவர் ஒருபோதும் நிற்கக் கூடாது. பக்கவாட்டில், உங்கள் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். அவர் கண்ணிலிருந்து மறைந்த அந்த நொடியே வண்டியை நிறுத்துங்கள். டிரைலரை மாட்டும்போதும், டிராக்டர் முழுவதும் நின்ற பிறகே அவர் உள்ளே வந்து பின்னைப் போட வேண்டும்.

கிணறும் வாய்க்காலும்

கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றை நோக்கிப் பின்னால் எடுக்கவே கூடாது. சுற்றிக்கொண்டு போக நேரமானாலும் பரவாயில்லை. வாய்க்கால் எவ்வளவு ஆழமோ, குறைந்தது அவ்வளவு தூரமாவது கரையிலிருந்து தள்ளி நில்லுங்கள். மழைக்குப் பிறகு கரை மண் இளகியிருக்கும் என்பதால் இன்னும் தள்ளியே இருங்கள்.

ரோட்டவேட்டர் மாட்டியிருந்தால்

பி.டி.ஓ.வை நிறுத்தி, ரோட்டவேட்டரைத் தூக்கிய பிறகே பின்னால் எடுங்கள். சுழலும் கத்திக்கு அருகில் ஆள் தடுக்கி விழுந்தால் காப்பாற்ற நேரம் இருக்காது.

இறங்கும்போது ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை நிறுத்தி, சாவியைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிப் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும். அந்த ஒரு நிமிடத்தில் ஒரு உயிர் தப்பலாம்.